‘வெளிநாட்டவருக்கு வீடு இல்லை’: ஜப்பானில் சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்?

டோக்கியோவின் எதொகாவா வார்டிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு வயது 36. கணவர் மென்பொருள் பொறியாளர். ஒன்பது ஆண்டுகளாக ஜப்பானில் இருக்கிறார்கள். கணவர் வேலை மாறியதால், பழைய நிறுவனம் எடுத்துக் கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்தாக வேண்டும். இரண்டு மாதமாக வீடு தேடுகிறார்கள். ஏஜென்ட் இவர்கள் எதிரிலேயே வீட்டுக்காரருக்குப் போன் செய்கிறார். வருமானம், நிறுவனம், குடும்பத்தில் எத்தனை பேர் என்பதுவரை எல்லாம் சரியாகப் போகிறது. “இந்தியர்கள்” என்றதும் பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு வீட்டில் மட்டும் விண்ணப்பம் கொடுத்து, வாடகைக்கு ஜாமீன் நிற்கும் உத்தரவாத நிறுவனத்தின் சோதனையும் முடிந்து, கையெழுத்துக்குத் தேதியும் குறித்தாயிற்று. அதன் பிறகு, “சமையல் வாசனை சுவரில் ஏறிவிடும் என்று வீட்டுக்காரர் அஞ்சுகிறார், இந்தியக் குடும்பத்துக்குக் கொடுக்க விருப்பமில்லையாம்” என்று ஏஜென்டிடமிருந்து மெயில் வந்திருக்கிறது.

மகன் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். சில பிள்ளைகள் அவனைக் ‘கறி’ என்று கூப்பிடுகிறார்கள். பக்கத்தில் வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். வகுப்பு ஆசிரியையிடம் சொன்னபோது, “விளையாட்டுக்குச் செய்கிறார்கள், போகப் போகப் பழகிவிடுவான்” என்றாராம். அன்றிலிருந்து அவன் தலைக்கு எண்ணெய் வைப்பதையும், பள்ளி நாட்களில் வீட்டில் தாளிப்பதையும் இவர் நிறுத்திவிட்டார். கணவரை ஸ்டேஷன் வாசலில் போலீஸ் அடிக்கடி நிறுத்தி விசாரிக்கிறது. போன மாதம் அவர் பொறுமையிழந்து, ரெசிடென்ஸ் கார்டை (வெளிநாட்டவருக்கான குடியிருப்பு அடையாள அட்டை) காட்ட மாட்டேன் என்று வெகுநேரம் வாதாடியிருக்கிறார்.

வீட்டுக்காரர் மேல் வழக்குப் போட முடியுமா, புகார் செய்தால் நிரந்தரக் குடியிருப்பு விண்ணப்பம் கெட்டுப்போகுமா, பள்ளியில் யாரைப் பார்ப்பது, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கிறார். கணவர் “வாயை மூடிக்கொண்டு இருப்போம்” என்கிறார். மாமியார் “கிளம்பி வந்துவிடுங்கள்” என்கிறார். கடிதத்தின் முடிவில் இப்படி எழுதியிருக்கிறார்: “நாங்கள் ஃபேக்டரி வேலைக்கு வந்த டிரெய்னிகள் இல்லை. படித்தவர்கள், வரி கட்டுகிறவர்கள். எங்களையும் அவர்களையும் ஒன்றாகப் பார்ப்பதைத்தான் தாங்க முடியவில்லை. சாதி இல்லாத நாடு என்று நம்பித்தான் வந்தோம்.”

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ஏஜென்ட் அனுப்பிய மெயிலை அழித்துவிடாதீர்கள். அப்படியே சேமித்து, ஒரு பிரதி அச்செடுத்தும் வையுங்கள். இந்த ஊரில் மறுப்பு எப்போதும் பணிவான குரலில், வாய்மொழியாகத்தான் வரும். காரணத்தை எழுத்தில் கொடுத்திருப்பது அபூர்வம்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நான் சென்னையில் பதிவு செய்த வழக்கறிஞர். டோக்கியோவில் ஒரு சட்ட அலுவலகத்தில் வெளிநாட்டவர் விவகாரங்களைக் கவனிக்கிறேன். ஜப்பானிய நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை எனக்கில்லை. ஆகவே இங்கே நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, இறுதி முடிவை ஒரு ஜப்பானிய வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டிய பிறகு எடுங்கள்.

சட்டமே இல்லை என்பது பாதி உண்மை

“ஜப்பானில் வெளிநாட்டவரைக் காக்கச் சட்டமே கிடையாது” என்று கணவரின் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இனத்தின் பேரிலோ தேசியத்தின் பேரிலோ தனியார் ஒருவர் பாகுபாடு காட்டினால் அதைக் குற்றம் என்று நேரடியாகச் சொல்லும் பொதுச் சட்டம் ஜப்பானில் இல்லைதான். ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு திரும்பத் திரும்பக் கேட்டும் வரவில்லை. 2016-ல் வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டம் வந்தது. அதில் தண்டனை இல்லை, வீடு மறுப்பதைப் பற்றிய பேச்சும் இல்லை. கவாசாகி நகரம் மட்டும் 2019-ல், பொது இடத்தில் வெறுப்புப் பேச்சைத் தொடர்ந்து செய்பவருக்கு 5 லட்சம் யென் வரை அபராதம் என்று தன் எல்லைக்குள் விதி செய்தது.

ஆனால் சட்டத்தில் பிடிமானம் இல்லாமல் இல்லை. அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவு சமத்துவத்தைப் பேசுகிறது. இயல்பிலேயே குடிமக்களுக்கு மட்டும் உரியவை தவிர மற்ற அடிப்படை உரிமைகள் வெளிநாட்டவருக்கும் உண்டு என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனப்பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் ஜப்பான் 1995-ல் சேர்ந்தது. இவை தனியாரை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. உரிமையியல் சட்டத்தின் 709-ஆம் பிரிவு, சட்டவிரோதமாக ஒருவருக்குத் தீங்கு செய்தவர் ஈடு கட்ட வேண்டும் என்கிறது. எது சட்டவிரோதம் என்று முடிவு செய்யும்போது நீதிபதிகள் சாசனத்தையும் உடன்படிக்கையையும் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படி ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். ஹமமட்சுவில் பிரேசில் நாட்டுப் பெண் பத்திரிகையாளர் ஒருவரை வெளியேறச் சொன்ன நகைக்கடைக்காரர் 15 லட்சம் யென் கொடுக்க வேண்டும் என்று 1999-ல் தீர்ப்பானது. ஹொக்கைடோவின் ஒதாரு நகரில் ‘வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை’ என்று பலகை வைத்த வெந்நீர்க் குளியலகம், வழக்குப் போட்ட மூன்று பேருக்கும் ஆளுக்குப் பத்து லட்சம் யென் கொடுக்க வேண்டும் என்று 2002-ல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் சொன்னது. அந்த மூவரில் ஒருவர் அதற்குள் ஜப்பானியக் குடியுரிமையே பெற்றிருந்தார். அப்படியும் முகத்தைப் பார்த்து உள்ளே விடவில்லை. அதே வழக்கில் ஒதாரு நகராட்சி மீதான கோரிக்கை நிற்கவில்லை. அரசு தடுத்து நிறுத்தியிருக்க வேண்டும் என்ற வாதம் இங்கே இன்னும் பலவீனமானதுதான்.

கைக்கு வந்து தவறிய அந்த வீடு

வீட்டு விஷயத்தில் எந்தக் கட்டத்தில் மறுத்தார்கள் என்பதை வைத்துத்தான் வழக்கின் பலம் கூடும், குறையும். யாருக்கு வீடு கொடுப்பது என்பது வீட்டுக்காரர் விருப்பம் என்பதையே ஜப்பானியச் சட்டமும் தொடக்கப் புள்ளியாக வைக்கிறது. போனில் விசாரித்தபோதே “வேண்டாம்” என்றவர் மேல் வழக்குப் போட்டால், காரணத்தை நிரூபிக்கும் பாரம் முழுக்க உங்கள் தலையில் விழும். ஏஜென்ட் சாட்சி சொல்ல வர மாட்டார். பெரும்பாலான மறுப்புகள் இந்த இடத்திலேயே கரைந்துபோகின்றன.

விண்ணப்பம் ஏற்று, சோதனை முடிந்து, கையெழுத்துக்குத் தேதி குறித்த பிறகு பின்வாங்கினால் கதை வேறு. பேச்சு முற்றிய நிலையில், எதிராளி நம்பிச் செலவு செய்துவிட்ட பிறகு, தேசியத்தை மட்டும் காரணம் காட்டி விலகுவது நம்பிக்கைக்கு மாறான செயல் என்று ஒசாகா மாவட்ட நீதிமன்றம் 1993-லேயே வீட்டுக்காரரைப் பொறுப்பாக்கியது. 2007-ல் கியோட்டோவில், கொரியக் குடியுரிமை கொண்டவர் என்பதற்காகக் கடைசி நேரத்தில் வீடு மறுத்தவர் 11 லட்சம் யென் கொடுக்க வேண்டியதாயிற்று. உங்களுக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. வீடு தேடிப் போன் செய்த ஓர் இந்தியரிடம், தோல் நிறம் என்ன, ஜப்பானியரைப் போலச் சாதாரண நிறமா என்று கேட்டது ஒரு வீட்டு ஏஜென்சி. 2003-ல் சைதாமா மாவட்ட நீதிமன்றம் இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டது. ஏஜென்ட் வெறும் தூதர், அவர் மேல் தவறே வராது என்று நீங்கள் எழுதியிருப்பது எப்போதும் சரியல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்கள் மெயிலில் ‘இந்தியக் குடும்பம்’ என்ற சொற்களே இருக்கின்றன. ஆகவே என் கணிப்பில் உங்களிடம் பேசத் தகுந்த வழக்கு இருக்கிறது. ஜெயித்தே தீரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. “தேசியம் காரணமில்லை, சுவரும் அதில் ஒட்டிய காகிதமும் கெடும் என்ற கவலைதான்” என்று வீட்டுக்காரர் தரப்பு வாதாடும். இன்னார் சமைத்தால் இப்படித்தான் நாறும் என்று ஆளைப் பார்க்காமலே முடிவு கட்டுவது தேசியத்தை வைத்து எடுத்த முடிவுதானே என்பது நம் பதிலாக இருக்கும்.

எதையும் தொடங்குவதற்கு முன் நாள்குறிப்பு ஒன்று எழுதுங்கள். எந்த வீடு, எந்தத் தேதி, ஏஜென்ட் என்ன சொன்னார் என்று நினைவிருக்கும்வரை எழுதுங்கள். நீங்களே கலந்துகொள்ளும் உரையாடலைப் பதிவு செய்வது இங்கே குற்றமில்லை. உரிமையியல் வழக்கில் பொதுவாக அதை ஏற்கிறார்கள். கணவரின் ஜப்பானிய நண்பர் யாராவது அதே வீடு காலியாக இருக்கிறதா என்று மெயிலில் கேட்டு, “இருக்கிறது” என்று பதில் வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீங்கும் செய்தவரும் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஆகவே பதற வேண்டியதில்லை, ஆறப்போடவும் கூடாது.

இதற்கு நடுவில் ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். கோபத்தில் அந்த வீட்டுக்காரரின் பெயரையோ கட்டடத்தின் படத்தையோ ஃபேஸ்புக்கிலும் எக்ஸிலும் போட வேண்டாம். ஜப்பானியச் சட்டத்தில், சொன்னது உண்மையாகவே இருந்தாலும் அவதூறு ஆகலாம். பொதுநலனுக்காகச் சொன்னேன் என்று நிறுவும் பொறுப்பு உங்களுடையதாகிவிடும். பாதிக்கப்பட்டவரே எதிராளியாக நிற்க நேர்ந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்காது என்பது தெரியும், இருந்தாலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

முதல் படியாக நீதி அமைச்சகத்தின் வெளிநாட்டவருக்கான மனித உரிமை ஆலோசனை எண்ணை, 0570-090911, அழையுங்கள். தமிழ் கிடையாது, ஆங்கிலம் உண்டு. அவர்கள் விசாரித்து, தவறு என்று கண்டால் எதிர்த்தரப்புக்கு அறிவுரையோ பரிந்துரையோ சொல்வார்கள். கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை. ஆனாலும் அரசு அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தாலே பல ஏஜென்சிகள் இறங்கி வருகின்றன. புகார் கொடுத்தீர்கள் என்ற பதிவும் பின்னால் உதவும். சட்ட உதவி மையமான ஹோதெராசு, 0570-078377 என்ற எண்ணில் பல மொழிகளில் வழி சொல்கிறது. அவர்களுடைய இலவச வழக்கறிஞர் ஆலோசனைக்கு வருமான வரம்பு உண்டு. உங்கள் குடும்பம் அந்த வரம்பைத் தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் வழக்கறிஞர் சங்கத்தின் ஆலோசனை மையத்தில் கட்டணம் கொடுத்து அரைமணி நேரம் பேசலாம். கோரும் தொகை 6 லட்சம் யென்னுக்குள் இருந்தால், சிறு தொகை வழக்காக எளிய நடைமுறையில் கொண்டுபோகவும் வழியுண்டு. முழு வழக்கு என்றால் ஓராண்டுக்கு மேல் இழுக்கும். கிடைக்கும் தொகையில் பெரும்பகுதி செலவுக்கே போய்விடலாம். பணத்துக்காகப் போடும் வழக்கு அல்ல இது.

இப்போது தலைக்கு மேல் கூரை வேண்டுமே

வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், வீடு காலி செய்யும் தேதி காத்திருக்காது. யு.ஆர். எனப்படும், அரசு சார்ந்த நகர்ப்புற மறுமலர்ச்சி அமைப்பின் வாடகைக் குடியிருப்புகளை இதுவரை பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அங்கே போங்கள். முறையான விசாவோடு நீண்டகாலம் தங்கும் வெளிநாட்டவர் விண்ணப்பிக்கலாம். ஜாமீன்தாரர் வேண்டாம், தரகு இல்லை, வீட்டுக்காரருக்குக் கொடுத்துத் திரும்ப வராத ‘ரெய்கின்’ பணம் இல்லை, புதுப்பிப்புக் கட்டணமும் இல்லை. குறிப்பிட்ட வருமானமோ சேமிப்போ காட்ட வேண்டும். உங்கள் கணவருக்கு அது சிக்கலாக இருக்காது. எதொகாவாவிலும் சுற்றுவட்டாரத்திலும் பல கட்டடங்கள் இருக்கின்றன. 2017-ல் திருத்திய வீட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், வீடு கிடைக்கச் சிரமப்படுகிறவர்களை மறுக்க மாட்டோம் என்று பதிவு செய்துகொண்ட தனியார் வீடுகளின் பட்டியலும் உண்டு. வெளிநாட்டவரும் அந்த வகையில் வருகிறார்கள்.

ஏஜென்ட் கேட்கும் எல்லாக் கேள்வியும் பாகுபாடு அல்ல. விசா எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது, அவசரத்துக்கு ஜப்பானிய மொழியில் யாரைத் தொடர்புகொள்வது, உத்தரவாத நிறுவனம் எது என்பவை நியாயமான கேள்விகள். இவற்றுக்கு ஒரு பக்கத்தில் பதில் தயாரித்து முதலிலேயே கொடுத்துவிடுங்கள். அதன் பிறகும் மறுத்தால், மிஞ்சுவது ஒரே காரணம் என்பது காகிதத்திலேயே தெரியும்.

நிரந்தரக் குடியிருப்பு பற்றிய பயம்

உங்கள் கணவரின் மௌனத்துக்கு அடியில் இருப்பது இந்தப் பயம்தான். புகார் கொடுத்தார் என்பதற்காகவோ வழக்குப் போட்டார் என்பதற்காகவோ குடியிருப்பு விண்ணப்பத்தை மறுக்க விதியில் இடமில்லை. நான் கவலைப்படுவது வேறு இடத்தில். வேலை மாறியதை 14 நாளுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தாரா? அவருடைய விசா ‘உயர்திறன் வல்லுநர்’ முதல் வகையாக இருந்தால் அது பழைய நிறுவனத்தோடு கட்டப்பட்டது. நிறுவனம் மாறினால் மாற்ற அனுமதியே வாங்க வேண்டும். இரண்டு வேலைக்கும் நடுவில் இடைவெளி இருந்ததா? இருந்தால் அந்த நாட்களுக்குத் தேசிய ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீடும் உரிய தேதியில் கட்டினாரா? புதிய வீட்டுக்குப் போனதும் 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரி மாற்ற வேண்டும். நிரந்தரக் குடியிருப்பு தட்டிப்போவது பெரும்பாலும் இந்தச் சின்னக் காகிதங்களால்தான். இவற்றை இன்று இரவே அவரோடு உட்கார்ந்து சரிபாருங்கள்.

ஸ்டேஷன் வாசல் விவகாரமும் இங்கேதான் வருகிறது. சந்தேகத்துக்குத் தக்க காரணம் இருந்தால்தான் போலீஸ் ஒருவரை நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்றும், பதில் சொல்லவோ காவல் நிலையம் வரவோ கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் 1948-ஆம் ஆண்டின் காவல் பணிச் சட்டம் சொல்கிறது. ஆனால் ரெசிடென்ஸ் கார்டு விஷயம் தனி. 16 வயதும் அதற்கு மேலும் ஆன வெளிநாட்டவர் அதை எப்போதும் வைத்திருக்க வேண்டும். போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும். காட்ட மறுத்தால் ஓராண்டு வரை சிறையோ 2 லட்சம் யென் வரை அபராதமோ உண்டு. போன மாதம் வழக்குப் பதிவாகாமல் போனது நல்ல காலம். கார்டைக் காட்டிவிட்டு, ஏன் நிறுத்தினீர்கள் என்று அமைதியாகக் கேட்கலாம். பையைச் சோதிக்கச் சம்மதமில்லை என்று சொல்லலாம். போலீஸ்காரரின் பெயரையும் நிலையத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். பிறகு போலீஸை மேற்பார்க்கும் பொதுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுத்தில் முறையிட்டால் அவர்கள் பதில் தர வேண்டும். தோற்றத்தைப் பார்த்து நிறுத்துவதை எதிர்த்து வெளிநாட்டுப் பின்னணி கொண்ட மூன்று பேர் 2024 ஜனவரியில் டோக்கியோவில் அரசு மீதே வழக்குப் போட்டிருக்கிறார்கள். உங்கள் கணவரின் கோபம் நியாயமானதுதான். அதைக் காட்ட வேண்டிய இடம் ஸ்டேஷன் வாசல் இல்லை.

பள்ளிக்கூடம்

கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது, மகனுடைய தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்திவிட்டேன் என்று நீங்கள் எழுதிய வரி. அவனுக்காகத்தான் செய்தீர்கள். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை அதை எப்படிப் புரிந்துகொள்வான்? ‘அவர்கள் சொன்னது உண்மை, அம்மாவும் ஒப்புக்கொண்டாள்’ என்றுதான் எடுத்துக்கொள்வான். எண்ணெயையும் தாளிதத்தையும் திரும்பக் கொண்டுவாருங்கள். அவன் தன் வாயால் எண்ணெய் வேண்டாம் என்றால் அப்போது விட்டுவிடலாம்.

“விளையாட்டுக்குச் செய்கிறார்கள்” என்ற ஆசிரியையின் பதில் சட்டப்படி நிற்காது. ஒத்சு நகரில் ஒரு மாணவர் கொடுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட துயரம் நாட்டையே உலுக்கிய பிறகு, 2013-ல் பள்ளிக் கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. கேலி செய்த பிள்ளையின் நோக்கத்தை அது அளவுகோலாக வைக்கவில்லை. கேலிக்கு ஆளான பிள்ளை மனத்தாலோ உடலாலோ வேதனைப்படுகிறானா என்றே பார்க்கிறது. புகார் வந்தால் பள்ளி உடனே விசாரித்து, முடிவைக் கல்வி வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டுப் பின்னணியுள்ள பிள்ளைகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று அரசின் அடிப்படைக் கொள்கையே 2017 திருத்தத்தில் குறிப்பிடுகிறது.

ஆகவே வாய்ப்பேச்சை நிறுத்திக் கடிதம் கொடுங்கள். தேதி, நடந்தது, மகன் சொன்ன சொற்கள், வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போக மறுத்த நாட்கள் எல்லாவற்றையும் எழுதி, வகுப்பு ஆசிரியைக்கும் தலைமை ஆசிரியருக்கும் தாருங்கள். ‘இதைக் கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி கருதி விசாரிக்கக் கோருகிறோம்’ என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். இரண்டு வாரத்தில் அசைவில்லை என்றால் வார்டின் கல்வி வாரியத்துக்குப் போங்கள். குழந்தைகள் மனித உரிமைக்கான இலவச எண் 0120-007-110.

அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாமா என்றும் யோசித்திருக்கிறீர்கள். அதற்குமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கட்டாயக் கல்வி ஜப்பானியக் குழந்தைகளுக்குத்தான் கட்டாயம். வெளிநாட்டுக் குழந்தை விரும்பி வந்தால் இலவசமாகச் சேர்த்துக்கொள்வார்கள். வராமல் நின்றுவிட்டால், ஜப்பானியப் பிள்ளையைத் தேடுவதுபோல் தேடிவரும் கட்டாயம் யாருக்கும் இல்லை. 2019-ல் கல்வி அமைச்சகம் முதன்முறையாக எண்ணிப் பார்த்தபோது, ஏறக்குறைய 20,000 வெளிநாட்டுக் குழந்தைகள் பள்ளியில் இல்லை, அல்லது இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. இங்குள்ள இந்தியப் பள்ளிக்கு மாற்றுவது உங்கள் விருப்பம். சேர்க்கை உறுதியாகும் முன் இங்கிருந்து பெயரை எடுத்துவிடாதீர்கள்.

‘எங்களையும் அவர்களையும்’

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். டிரெய்னிகளோடு உங்களை ஒன்றாகப் பார்ப்பது தாங்கவில்லை என்றீர்கள். அந்த வாதத்தை வழக்கறிஞர் முன்னும் வைக்க வேண்டாம், பிள்ளை முன்னும் வைக்க வேண்டாம். ‘நாங்கள் உயர்ந்த வகை வெளிநாட்டவர்’ என்ற இடத்தில் நின்றால், வெளிநாட்டவரைத் தரம் பிரிக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு என்று நாமே கொடுத்துவிடுகிறோம். பிறகு அவர் உங்களை எந்தத் தரத்தில் வைத்தாலும் கேட்க முடியாது. வருமானம், படிப்பு என்று பேச்சைக் கொண்டுபோனால் விவாதம் உங்கள் பொருளாதாரத் தகுதிக்கு மாறும். தேசியத்தை வைத்து மறுத்தார் என்ற கூர்மையான குற்றச்சாட்டு மழுங்கிவிடும். நீங்கள் சொல்லும் டிரெய்னிகள், அதாவது 1993-ல் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் வந்த வியட்நாமியரும் இந்தோனேசியரும் முதலாளி கொடுமை செய்தாலும் நினைத்தபடி வேலை மாற முடியாமல் இருந்தார்கள். அந்த முறையைக் கலைத்துப் புதியது கொண்டுவர 2024-ல்தான் சட்டம் நிறைவேறியது. உங்கள் கணவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வேறு நிறுவனத்துக்குப் போக முடிந்தது.

கொரியரும் சீனரும் பார்க்க ஜப்பானியர் போலவே இருப்பதால் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் இன்று நம்பக்கூடிய முன்னுதாரணங்களில் பாதி அவர்கள் போட்ட வழக்குகள். காலனி ஆட்சியில் ஜப்பானியக் குடிகளாக இருந்த கொரியர்கள் 1952-ல் ஒரேயடியாக அந்தக் குடியுரிமையை இழந்தார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த பாக் ஜோங்-சோக் என்ற இளைஞர், கொரியர் என்று தெரிந்ததும் வேலையை ரத்து செய்த ஹிட்டாச்சி மீது வழக்குப் போட்டு 1974-ல் யோகோஹாமாவில் ஜெயித்தார். வெளிநாட்டவர் பதிவுக்கு விரல்ரேகை தர மறுத்து 1980-களில் கைதானவர்களிலும் பெரும்பாலோர் கொரியர்களே. அந்தப் பதிவு விரல்ரேகை 2000-ல் முழுதாக நீங்கியது அவர்களுடைய பிடிவாதத்தால்.

சாதி இல்லாத நாடு என்ற நம்பிக்கையும் சரியல்ல. தோல் பதனிடுதல், விலங்கு அறுத்தல் போன்ற தொழில்களோடு சேர்த்து ஒதுக்கப்பட்ட புராகு மக்கள் நூற்றாண்டுகளாக இருக்கிறார்கள். 1871-ல் அரசாணை அந்த இழிவைச் சட்டத்தளவில் ஒழித்தது. 1975-ல், புராகு ஊர்களின் பெயர்களைத் தொகுத்த ரகசியப் புத்தகங்களை நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்கி, வேலைக்கு வருகிறவர் எந்த ஊர் என்று சரிபார்த்தது அம்பலமானது. பெயரிலும் முகத்திலும் மொழியிலும் வேறுபாடே இல்லாத ஜப்பானியர்களுக்குச் செய்தது இது. எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு வீடு இல்லை என்று சொல்வது நம் ஊரிலும் நடப்பதுதானே. 2016-ல் புராகு பாகுபாட்டை ஒழிக்கத் தனிச் சட்டம் வந்தது. ஊர்ப் பட்டியலை வெளியிட்டதை எதிர்த்த வழக்கில், பாகுபாட்டுக்கு ஆளாகாமல் அமைதியாக வாழும் உரிமை மனிதருக்கு உண்டு என்று 2023-ல் டோக்கியோ உயர் நீதிமன்றம் சொன்னது.

ஊருக்குத் திரும்புவதா?

இதற்கு நான் பதில் சொல்லக் கூடாது. ஆனால் முடிவெடுக்கும் வரிசையைச் சொல்லலாம். நீதி அமைச்சகம் 2017-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், ஐந்தாண்டுக்குள் வீடு தேடிய வெளிநாட்டவரில் 39.3 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதற்காக மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். மீதிப் பேருக்கு அந்த அனுபவம் இல்லை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. உங்கள் பக்கத்து நிஷிகசாய் பகுதியில் இந்தியர்கள் வேரூன்றி இரண்டு தலைமுறை ஆகப்போகிறது. உங்கள் எதொகாவா வார்டின் மன்றத்துக்கு 2019-ல் இந்தியாவில் பிறந்த ஒருவரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே ஜப்பானியர் எல்லாரும் வெறுக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டுப் பெட்டி கட்ட வேண்டாம். அதேபோல், போராடத்தான் வேண்டும் என்ற கட்டாயமும் உங்களுக்கில்லை. வழக்குப் போடாமல் யு.ஆர். வீட்டுக்குக் குடிபோய், மகனின் பள்ளியை மட்டும் சரிசெய்தாலும் அது தோல்வி ஆகாது.

மகனுடைய நிலை தெளிவாகும்வரை பொறுத்திருங்கள் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். இங்கே பள்ளி ஆண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்குகிறது. பல பள்ளிகளில் அப்போது பிரிவுகளைக் கலைத்துப் புதிதாக அமைப்பார்கள். கேலி செய்யும் பிள்ளைகளோடு அவனை ஒரே பிரிவில் போட வேண்டாம் என்ற கோரிக்கையைத் தலைமை ஆசிரியருக்குக் கொடுக்கும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். பட்டியல் முடிவான பிறகு கேட்டால் மாற்ற மாட்டார்கள்.